அமெரிக்க மகளிர் தேசியக் கூடைப்பந்துப் போட்டி: ஒரு வரலாற்று நோக்கு

திருச்சபை வரலாற்றைக் கற்பித்து வரும் நாம் ஒரு பந்தாட்டப் போட்டியின் வரலாற்றை எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பாய்த் தோன்றலாம். ஆயினும் கூடைப்பந்து பிறந்தது ஒரு கிறிஸ்தவச் சங்கத்தின் பயிற்சிக் கூடத்தில்; அதனை உருவாக்கியவர் இறையியல் கற்றுத் தேறியவர்; அமெரிக்க ஐக்கிய நாட்டில் பெண்கள் அவ்வாட்டத்தைத் தேசிய அளவில் போட்டியிட்டு ஆடலாமா என்ற வழக்கு எழுந்தபோது, அதில் சபைகள் நடத்திய சிறு கல்லூரிகளுக்கும் பங்கு இருந்தது. பெண்பிள்ளைகளின் பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்தும் பொறுப்பைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வரும் நம் சபைகளுக்கு அவ்வழக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

கனடா நாட்டு ஒன்டாரியோ மாகாணத்தில் 1861-ல் பிறந்த ஜேம்ஸ் நைஸ்மித், மாண்ட்ரியால் நகரின் பிரெஸ்பிட்டேரியன் கல்லூரியில் இறையியல் பயின்று 1890-ல் தேறினார். தேறியவர் பிரசங்க பீடத்தை நாடவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களுக்கென நடந்து வந்த பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றார். 1891 டிசம்பரில், பனிக்காலத்தின் காரணமாக உள்ளரங்கில் அடைபட்டுச் சலித்துப்போயிருந்த 18 மாணவருக்கென ஓர் ஆட்டத்தை வகுக்கும் வேலை அவர்மேல் விழுந்தது. பீச் பழக்கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் விளிம்பில் ஆணியடித்துப் பொருத்தி, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாகாது, ஒருவரையொருவர் இடித்துத் தள்ளலாகாது என்பவை அவ்விதிகளின் உயிர்நாடி. இலக்கு தலைக்கு மேலே இருப்பதால் முரட்டு வலிமைக்கு அங்கே வேலை குறைவு.

அடுத்த சில வாரங்களிலேயே அருகிலிருந்த பள்ளியொன்றின் ஆசிரியைகள் நண்பகல் இடைவேளையில் வந்து மாடத்திலிருந்து ஆட்டத்தைப் பார்த்தனர். தாங்களும் ஆடலாமா என்று கேட்டனர். ஆடக்கூடாமைக்கு நைஸ்மித் ஒரு காரணமும் காணவில்லை. நீண்ட பாவாடையும் குதியுயர்ந்த காலணியும் அணிந்தே அவர்கள் களத்தில் இறங்கினர். அக்காலத்தில் அவரிடம் ஆடிய பெண்களுள் ஒருவரான மாட் ஷெர்மனையே அவர் 1894-ல் மணந்தார் என்பதை இங்கே ஒரு சிறு குறிப்பாகச் சேர்க்கலாம். ஆகவே, ஆட்டம் பிறந்து மாதங்கள் சில கழியுமுன்பே அது பெண்களின் ஆட்டமாகவும் ஆயிற்று. இதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் கிறிஸ்தவப் பள்ளிகளின் திடல்களில் கூடைப்பந்துக் கம்பங்கள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்பிரிங்பீல்டுக்கு அண்மையிலுள்ள நார்தாம்ப்டன் ஊரில் ஸ்மித் கல்லூரி பெண்களுக்கென நடந்து வந்தது. அங்கே 1892-ல் உடற்பயிற்சி கற்பிக்க வந்தவர் சென்டா பெரென்சன். லித்துவேனியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். நோஞ்சானாயிருந்து உடற்பயிற்சியால் நலம் பெற்றவர். நைஸ்மித்தின் ஆட்டத்தைக் கேள்வியுற்று அதைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். 1893 மார்ச் 22-ஆம் நாள் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் எதிரெதிர் நின்று ஆடினர். ஆண் ஒருவருக்கும் அரங்கில் இடமில்லை. தொடக்கத்தில் பெரென்சன் பந்தை மேலே எறிந்தபோதே ஒரு மாணவியின் தோள்மூட்டு விலகிவிட்டது. அதைச் சரிசெய்த பின்னர் ஆட்டம் தொடர்ந்தது.

பெரென்சன் ஆட்டத்தைப் பெண்களுக்கென மாற்றியமைத்தார். களத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, தத்தம் பகுதியை விட்டு எவரும் வெளியேறலாகாது என்றார். மற்றவர் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கக் கூடாது; மூன்று விநாடிக்கு மேல் பந்தைப் பிடித்திருக்கக் கூடாது; மூன்று முறைக்கு மேல் தட்டிச் செல்லவும் கூடாது. 1901-ல் அவர் பதிப்பித்த விதிநூல் நாடெங்கும் பரவியது. இம்மாற்றங்களைப் பிற்காலத்தார் சிலர் பெண்களைக் கட்டிப்போட்ட விலங்குகள் என்று ஏளனம் செய்வதுண்டு. அவ்வேளனம் நமக்கு உடன்பாடன்று. படித்தாலே பெண்ணின் உடல்நலம் கெடும் என்று மருத்துவர் சிலரே எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பெற்றோரும் கல்லூரித் தலைவர்களும் அஞ்சாத வடிவில் ஆட்டத்தை அளித்தமையாலேயே அது பெண்கள் கல்லூரிகளுக்குள் நுழைய முடிந்தது. ஆயினும் வாசலைத் திறக்க இட்ட நிபந்தனைகளே பின்னொரு காலத்தில் வாசலை மூடுவதற்கும் பயன்பட்டன.

வேகம் விரைவிலேயே கூடியது. 1896 ஏப்ரல் 4-ல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டான்போர்டு, கலிபோர்னியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மகளிர் அணிகள் மோதின. 2-1 என்ற கணக்கில் ஸ்டான்போர்டு வென்றது. பார்வையாளர் ஏறத்தாழ 700 பேரும் பெண்களே. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் சிற்றூர்ப் பள்ளிகள், ஆலைகள், அலுவலகங்கள் எங்கும் மகளிர் அணிகள் தோன்றின. காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் காட்டுவோரும், பெண்களை ஊர் ஊராக அழைத்துச் சென்று லாபம் பார்ப்போரும் உடன்தோன்றினர்.

இதனால் கவலையுற்ற உடற்கல்வி ஆசிரியைகள் 1923 ஏப்ரலில் வாஷிங்டனில் கூடினர். தலைமை வகித்தவர் லூ ஹென்றி ஹூவர். பின்னர்க் குடியரசுத் தலைவரான ஹெர்பர்ட் ஹூவரின் துணைவியார். பெண்கள் விளையாட்டைப் பெண்களே நடத்த வேண்டும். நுழைவுக் கட்டணத்துக்காகவோ நிறுவனத்தின் விளம்பரத்துக்காகவோ அவர்களை ஆடவைக்கக் கூடாது. திறமை மிக்க சிலருக்காகவன்றி எல்லாப் பெண்களுக்காகவும் விளையாட்டு அமைய வேண்டும். ஆகவே பயணம் செய்து ஆடும் போட்டிகளையும் பட்டங்களையும் தவிர்க்க வேண்டும் என்பவை அக்கூட்டத்தில் உருவான கொள்கைகள். இவற்றுள் முதல் மூன்றையும் எவர் மறுப்பார்? நான்காவதுதான் இடறுகட்டை ஆயிற்று. கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் மகளிர் அணிகளைக் கலைத்தன. அவற்றுக்குப் பதிலாக ‘விளையாட்டு நாள்’ வந்தது. அன்று பல கல்லூரிப் பெண்கள் ஓரிடத்தில் கூடுவர். கல்லூரி வேறுபாடின்றிக் கலந்து அணி பிரிப்பர். சற்று நேரம் ஆடுவர். பின்னர்ச் சிற்றுண்டியருந்திக் கலைவர். வெற்றி தோல்வி யாருக்கும் நினைவிராது. 1932-ல் லாஸ் ஏஞ்சல்சில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கிலிருந்து பெண்களின் ஓட்ட, எறிதல் போட்டிகளை நீக்கும்படியும் இக்குழுவினர் மனுச் செய்தனர். மனு ஏற்கப்படவில்லை.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியே ஒரு சொல் கூறாமல் மேற்செல்ல இயலவில்லை. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு சேகரத்துப் பள்ளிகளுக்கு நாம் தாளாளராயிருந்தோம். பெண்கள் பள்ளியின் கூடைப்பந்து அணி வட்ட அளவில் வென்று மாவட்டப் போட்டிக்குத் தகுதி பெற்றது. போட்டி நடக்கும் ஊரில் ஓரிரவு தங்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியை அனுமதிக் கடிதத்தை நீட்டியபோது, “வேண்டாம் டீச்சர், ஏதாவது ஆனால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?” என்று கூறிக் கையெழுத்திட மறுத்தோம். அவர் வாதாடவில்லை. “பையன்களும் அதே ஊருக்குத்தானே போகிறார்கள், ஐயா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கடிதத்தை மடித்துக்கொண்டார். பையன்களின் கடிதத்தில் நாம் இரண்டு நாள் முன்னரே கையெழுத்திட்டிருந்தோம். அவ்வாண்டோடு பள்ளியிறுதி முடித்துச் சென்ற அப்பெண்கள் ஐவரோ அறுவரோ, பின்னர் எவரும் எங்கும் ஆடியதாக நாம் கேள்விப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து 1923-ஆம் ஆண்டின் கொள்கைகளை வாசித்தபோது அவற்றில் நம் குரலையே கேட்டோம். அவர்களை நாம் கடுமையாகப் பேசாதிருப்பதற்கும், அவர்களுக்காக வாதாட முற்படாதிருப்பதற்கும் இதுவே காரணம்.

கல்லூரிகள் கைவிட்டதை எடுத்துக்கொண்டவர் யாரெனில், ஆண்களால் நடத்தப்பெற்ற அமெச்சூர் அத்லெட்டிக் யூனியன் என்ற சங்கம். ஊதியமின்றி ஆடுவோருக்கான அச்சங்கம் 1888-ல் தோன்றியது. 1926-ல் கலிபோர்னியாவில் மகளிருக்கான முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டியை அது நடத்தியது. பாசடீனா நகரத்து அணி வென்றது. அடுத்த இரண்டாண்டுகள் போட்டி நடைபெறவில்லை. 1929-ல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் மீண்டும் தொடங்கிய பின்னர் அது ஆண்டுதோறும் நிலைபெற்றது.

வென்ற அணிகளின் பெயர்களை வாசித்தாலே அவற்றைப் போஷித்தவர் யாரெனத் தெரிந்துவிடும். 1930-ல் வென்ற டல்லஸ் நகர அணி ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. 1934 முதல் 1936 வரை மூன்றாண்டுகள் வென்ற ‘டல்சா ஸ்டெனோஸ்’ சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்பிக்கும் வணிகப் பள்ளியின் அணி. 1938, 1939 ஆகிய ஆண்டுகளில் வென்ற கால்வெஸ்டன் நகரின் ‘அனிக்கோஸ்’ ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பெயர்ச் சுருக்கத்தைத் தாங்கியது. போர்க்காலமாகிய 1944, 1945-ல் வென்ற ‘பாம்பரெட்ஸ்’ நாஷ்வில் நகர விமானத் தொழிற்சாலையின் பெண்கள்.

நுட்பமாக நோக்கின் இங்கே ஒரு முரண்பாடு உண்டு. ஆடுவதற்கு ஊதியம் பெறலாகாது. ஆயின் ஆடுகிறவள் என்பதற்காகவே அலுவலகத்தில் வேலை கொடுக்கலாம். 1930-ல் டல்லஸ் நகரக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளி மாணவியாயிருந்த மில்ட்ரெட் ‘பேப்’ டிட்ரிக்சனை மாதம் 75 டாலர் சம்பளத்தில் வேலைக்கு அமர்த்தியது. அவருடைய தட்டச்சுத் திறமையை நாடி அந்நிறுவனம் அவரை அழைக்கவில்லை என்பது வெளிப்படை. மறு ஆண்டிலேயே அந்நிறுவனத்தின் ‘கோல்டன் சைக்ளோன்ஸ்’ அணி தேசியப் பட்டத்தை வென்றது. 1932 ஒலிம்பிக்கில் டிட்ரிக்சன் தடையோட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் தங்கப் பதக்கம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் மோட்டார் கார் விளம்பரமொன்றில் அவர் பெயரும் படமும் வெளியாயின என்பதற்காக அதே சங்கம் அவரை விலக்கிவைத்தது. பெண்ணின் ஆட்டத்தால் நிறுவனம் பெயர் ஈட்டலாம். அவள் ஈட்டினால் மட்டும் குற்றம்!

சபைக் கல்லூரிகளின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. ஒக்லஹோமா மாநிலத்து டியூரண்ட் என்னும் சிற்றூரில் பிரெஸ்பிட்டேரியன் சபையார் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நடத்தினர். அக்காலம் பொருளாதார வீழ்ச்சியும் வறட்சியும் புழுதிப் புயலும் அப்பகுதியை வாட்டிய காலம். சாம் பாப் என்ற பயிற்சியாளர் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்குச் சென்று, கல்வி உதவி தருவதாகக் கூறி உழவர் வீட்டுப் பெண்களைத் திரட்டினார். அவர்களில் பலருக்கு அவ்வுதவியின்றிக் கல்லூரிப் படிப்பு எட்டாக்கனி. 1932 மார்ச்சில் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் இவ்வணி டிட்ரிக்சனின் அணியை 35-32 என்று வென்றது. 1933-லும் பட்டம் அக்கல்லூரிக்கே. பெரிய பல்கலைக்கழகங்கள் தம் மாணவியருக்கு ‘விளையாட்டு நாள்’ நடத்திச் சிற்றுண்டி அளித்துக்கொண்டிருந்த நாள்களில், சின்னஞ்சிறு சபைக் கல்லூரியின் பெண்கள் நாட்டின் கோப்பையைக் கையில் ஏந்தினர்.

போட்டியின் சிறப்பை மட்டும் கூறி அதன் குறையை மறைப்பது வரலாறாகாது. தேசியப் போட்டியின்போதே அழகிப் போட்டியும் நடத்தி, ஆட்டக்காரர்களுள் ஒருவருக்கு ‘அரசி’ என முடிசூட்டுவது பல்லாண்டு வழக்கமாயிருந்தது. வாஷிங்டனில் கூடிய ஆசிரியைகள் எதற்கு அஞ்சினார்களோ அது கண்முன்னே நடந்தது. அவர்கள் அச்சம் பொய்யன்று. அச்சத்துக்கு அவர்கள் கண்ட மருந்தே பிழை.

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. ‘தேசியப் போட்டி’ என்ற பெயர் தாங்கிய இவ்வாட்டங்களில் நெடுங்காலம் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லாதிருந்தது. அவர்கள் ஆடாமலில்லை. பிலடெல்பியா நகரில் கறுப்பின மக்களுக்கென வெளிவந்த ‘டிரிப்யூன்’ செய்தித்தாளின் மகளிர் அணி 1930-களில் நாடெங்கும் பயணம் செய்து ஏறக்குறையத் தோல்வியே காணாது ஆடியது. அதன் நடுநாயகம் ஓரா வாஷிங்டன். டென்னிஸிலும் கறுப்பினத்தார் சங்கத்தின் ஒற்றையர் பட்டத்தை எட்டுமுறை வென்றவர். வாழ்நாளெல்லாம் பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர். 1934-ல் டிரிப்யூன் அணி வட கரோலினா மாநிலத்துக்குச் சென்று, மெதடிஸ்து சபையின் ஆதரவில் கறுப்பினப் பெண்களுக்கென நடந்த பென்னட் கல்லூரியின் அணியோடு மூன்று ஆட்டங்கள் ஆடியது. மூன்றிலும் டிரிப்யூன் வென்றது. எனினும் பென்னட் பெண்களின் ஆட்டம் பெரிதும் பேசப்பட்டது. அக்கல்லூரியும் 1940-களின் தொடக்கத்தில் வெளி அணிகளோடு போட்டியிடுவதை நிறுத்திற்று. கண்ணியமுள்ள பெண்களுக்குப் போட்டி தகாது என்ற கருத்து நிற எல்லையைத் தாண்டுவதற்கு அனுமதி எதுவும் தேவைப்படவில்லை!

1955-ல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்துப் பிலாண்டர் ஸ்மித் கல்லூரியின் அணி, அதுவும் ஒரு மெதடிஸ்து கல்லூரியே, தேசியப் போட்டியில் ஆடியது. அவ்வணியின் மிசௌரி ஆர்லெட்ஜ் அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் வரிசையில் சேர்க்கப்பட்டார். அவ்வரிசையில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. போட்டி தொடங்கி அதற்குள் இருபத்தொன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஓரா வாஷிங்டன் 1971-ல் காலமானார். ஸ்பிரிங்பீல்டிலுள்ள கூடைப்பந்துப் புகழ் மன்றம் அவர் பெயரைச் சேர்த்தது 2018-ல்.

1950-களில் போட்டியின் பொற்காலம் வந்தது. வட கரோலினாவின் ஹேன்ஸ் காலுறை ஆலையின் அணி 1951 முதல் 1953 வரை மூன்று பட்டங்களையும் வென்று, தொடர்ந்து 102 ஆட்டங்களில் தோல்வி காணாதிருந்தது. அதன் இடத்தைப் பிடித்தது டெக்சாஸ் மாநிலத்துப் பிளெயின்வியூ என்னும் ஊரிலுள்ள வேலண்டு பாப்திஸ்து கல்லூரி. பருத்தியும் தானியமும் விளையும் சமவெளியில், பெருநகரங்களுக்கு வெகுதொலைவில் அமைந்த சிறு கல்லூரி அது. அக்கல்லூரி 1951-ல், நீதிமன்றத்தின் கட்டளைக்குக் காத்திராமல், கறுப்பின மாணவருக்குத் தன் கதவுகளைத் திறந்தது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. மகளிர் அணியை ஆண்கள் அணிக்கு ஒப்பாக நடத்தி, ஆட்டக்காரர்களுக்குக் கல்வி உதவித்தொகையும் வழங்கியது. அக்காலத்தில் இதனைச் செய்தவர் மிகச் சிலரே.

தொலைதூர ஆட்டங்களுக்கு எவ்வாறு செல்வது? கிளாட் ஹட்சர்சன் என்பவர் அவ்வூரில் சிறு விமானச் சேவை நடத்தி வந்தார். தம் சிறு விமானங்களில் அப்பெண்களை ஏற்றி, நாலைந்து பேராகப் பிரித்து, நாடெங்கும் கொண்டுசென்றார். பேருந்தில் செல்லவே பல அணிகள் தடுமாறிய காலத்தில் இவ்வுழவர் வீட்டுப் பெண்கள் வானத்தில் பறந்தனர். ‘பறக்கும் அரசியர்’ என்ற பெயர் அதனால் வந்ததே. நாம் ஓரிரவுத் தங்கலுக்கு அஞ்சிய கதையை மேலே கூறினோம். இச்செய்தியை வாசிக்குந்தோறும் அது நினைவுக்கு வருகிறது.

1953 நவம்பரில் தொடங்கிய அவர்களது வெற்றி வரிசை 1958 மார்ச்சு வரை அறாது நீண்டது. மொத்தம் 131 ஆட்டங்கள். 1954 முதல் 1957 வரை நான்கு தேசியப் பட்டங்கள். 1955 முதல் அணியைப் பயிற்றுவித்த ஹார்லி ரெடின் ஆட்ட விதிகளைத் திருத்தவும் உழைத்தார். அந்நாளில் மகளிர் ஆட்டத்தில் பக்கத்துக்கு அறுவர். மூவர் கூடையில் எறிய, மூவர் தடுக்க, நடுக்கோட்டை எவரும் தாண்டலாகாது. பெரென்சன் வரைந்த கோடுகள் மூன்று பகுதியிலிருந்து இரண்டாகக் குறைந்தனவேயன்றி மறையவில்லை. 1960-களில் அவ்விலக்கணம் சிறிது சிறிதாகத் தளர்ந்து, 1971-ல் ஐவர் ஆட்டமாக, முழுக்களமும் ஓடியாடும் ஆட்டமாக ஆயிற்று. உயர்நிலைப்பள்ளி அளவில் ஐயோவா மாநிலம் 1993 வரையிலும் ஒக்லஹோமா மாநிலம் 1995 வரையிலும் பழைய அறுவர் ஆட்டத்தையே போற்றி வந்தன. அங்கே அது பெண்களின் ஆட்டத்தைச் சுருக்கவில்லை. ஊர் முழுவதும் திரண்டு பார்க்கும் திருவிழாவாக வளர்த்தது. வரலாறு நம் முடிவுகளுக்கு எப்போதும் அடங்குவதில்லை.

1958 அரையிறுதியில் வேலண்டை 46-42 என்று வீழ்த்தியது நாஷ்வில் வணிகக் கல்லூரியின் அணி. தட்டச்சும் கணக்கும் கற்பிக்கும் அந்நிறுவனத்தின் உரிமையாளர் எச். ஓ. பால்ஸ், பயிற்சியாளர் ஜான் ஹெட். 1950 முதல் 1969 வரை அவ்வணி வென்ற தேசியப் பட்டங்கள் பதினொன்று. கடைசி எட்டும் தொடர்ச்சியாக வென்றவை. அதன் உயிர்நிலை நேரா ஒய்ட். டென்னசி மாநிலத்து உழவர் வீட்டில் 1935-ல் பிறந்தவர். 1955 முதல் பதினைந்து ஆண்டுகள் இடைவிடாது தலைசிறந்தோர் வரிசையில் இடம்பெற்றார். பத்து முறை போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் எனப்பட்டார். 1957-ல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகப் போட்டியின் இறுதியில் சோவியத் அணியை 51-48 என்று அமெரிக்கா வென்றபோது அவ்வணியில் ஆடினார். 1969-ல் நாஷ்வில் அணி கலைந்ததும் பண்ணைக்குத் திரும்பினார். நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகப் பதினைந்தாண்டு விளங்கியும், ஆடியதற்காக ஒரு காசும் பெற்றவரல்லர். 1992-ல் புகழ் மன்றம் அவரை ஏற்றபோது, ஆட்டக்காரர் என்ற தகுதியில் அங்கே முதன்முதல் இடம்பெற்ற இரு பெண்களுள் ஒருவரானார். மற்றவர் லூசியா ஹாரிஸ்.

இதற்கிடையில் கல்லூரிகள் விழித்துக்கொண்டன. பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டர் கல்லூரிப் பயிற்சியாளர் கேரல் எக்மன் 1969-ல் பதினாறு கல்லூரி அணிகளை அழைத்து ஒரு போட்டியை நடத்தினார். 1971-ல் கல்லூரி மகளிர் விளையாட்டுச் சங்கம் உருவாயிற்று. ஆங்கில முதலெழுத்துகளால் அது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. எனப்பட்டது. அதை நடத்தியவர் பெண்களே. 1923-ன் முதற்கொள்கை அவ்வாறு நிறைவேறிற்று. 1972-ல் அதன் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. வென்றது பிலடெல்பியாவுக்கு அருகில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய இம்மாக்குலாட்டா என்னும் சிறு கல்லூரி. பயிற்சியாளர் கேத்தி ரஷ்ஷுக்கு முதலில் அளிக்கப்பட்ட ஊதியம் ஆண்டுக்கு 450 டாலர். பயணச் செலவுக்காக மாணவியர் பல்துலக்கிகளை விற்றுப் பணம் சேர்த்தனர். அவ்வாறு சேர்த்தும் எண்மரையே அனுப்ப முடிந்தது. சில நாள்களுக்கு முன் தங்களை 70-38 என்று நசுக்கிய வெஸ்ட் செஸ்டரை இறுதியில் 52-48 என்று வென்றனர். அடுத்த இரண்டாண்டும் கோப்பை அவர்களுக்கே. கன்னியர் தகர வாளிகளைத் தட்டி ஆரவாரித்தனராம். அவ்வொலியைப் பொறுக்கமாட்டாத எதிரணியினர் முறையிட்டதாகவும் கூறுவர். அதில் நமக்கு ஐயமில்லை.

அதே 1972 ஜூனில், அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் வேற்றுமை பாராட்டலாகாது என்ற சட்டம் நிறைவேறியது. புதிய சங்கமோ அப்போது ஆட்டக்காரர்களுக்குக் கல்வி உதவித்தொகை கூடாது என்று விதித்திருந்தது. ஆண்கள் விளையாட்டில் மண்டிக்கிடந்த ஊழல் பெண்களைத் தீண்டலாகாது என்பது அதன் நியாயம். மீண்டும் காக்கும் கையே தடுக்கும் கை ஆயிற்று. ஃபுளோரிடா மாநிலத்துப் பெண்கள் சிலர் தம் பயிற்சியாளரோடு சேர்ந்து வழக்குத் தொடுக்கவே, 1973-ல் அத்தடை நீங்கியது. 1976-ல் மாண்ட்ரியாலில் மகளிர் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. நைஸ்மித் இறையியல் பயின்ற அதே நகரில் அமெரிக்கப் பெண்கள் வெள்ளிப் பதக்கம் பெற்றனர்.

பணமும் கூட்டமும் பெருகவே, அதுவரை பெண்களின் விளையாட்டைத் திரும்பிப் பாராத ஆண்களின் பெருஞ்சங்கமாகிய என்.சி.ஏ.ஏ. 1981-ல் மகளிர் பட்டப் போட்டிகளை நடத்தத் தீர்மானித்தது. ஏராளமான கல்லூரிகள் அப்பக்கம் சாய்ந்தன. பெண்களின் சங்கம் நீதிமன்றத்தை நாடியும் பயனில்லை; அது கலைந்தது. 1972-ல் கல்லூரி மகளிர் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர். ஊதியம் உயர உயர அவ்விடங்களுக்கு ஆண்கள் வந்தனர். சில பத்தாண்டுகளில் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று.

1982 மார்ச்சு 28-ஆம் நாள் இரண்டு தேசிய இறுதியாட்டங்கள் ஒரே நாளில் நடந்தன. வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக்கில் என்.சி.ஏ.ஏ.வின் முதல் மகளிர் இறுதியாட்டத்தில் லூசியானா டெக் அணி, செய்னி அணியை 76-62 என்று வென்றது. செய்னி, குவேக்கர் ஒருவர் விட்டுச்சென்ற கொடையால் 1837-ல் கறுப்பினத்தாருக்கென நிறுவப்பெற்ற கல்வி நிலையம். அதன் அணியைப் பயிற்றுவித்தவர் விவியன் ஸ்டிரிங்கர் என்ற கறுப்பினப் பெண்மணி. பிலடெல்பியாவில், ஓரா வாஷிங்டன் ஆடிய அந்நகரில், ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் கடைசி இறுதியாட்டம் நடந்தது. அதில் ரட்கர்ஸ் அணி டெக்சாஸ் அணியை 83-77 என்று வென்றது. ரட்கர்ஸின் பயிற்சியாளர் தெரசா கிரென்ட்ஸ். பத்தாண்டுகளுக்கு முன், தெரசா ஷாங்க் என்ற கன்னிப்பெயரோடு, பல்துலக்கி விற்றுச் சென்று அதே கோப்பையை முதன்முதல் வென்று வந்த எண்மருள் அவர் ஒருவர்.